‘ரிலை ஆன்’ பிழையில்லாமல் பேசவும் எழுதவும்: முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டாக்சி ஓட்டுபவர்கள், காட்டேஜ் பார்த்துக்கொள்பவர்கள், தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இருப்பவர்கள், கூடவே சில பிளஸ் டூ பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு: ‘நம்பு’. தமிழில் ஒரே வினை எல்லா வேலையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை நான்கைந்து சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அவற்றில் அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் அதிகம் பிழையாவதும் ‘ரிலை’தான்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்காக. படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். இலக்கணத்தில் தொடங்குகிறவர்கள் வாக்கியத்தைச் சரியாகக் கட்டிவிட்டு அதில் தவறான சொல்லை வைக்கிறார்கள். அதனால் சொல்லைத் தேர்ந்தெடுப்பது முதலில், இலக்கணம் அப்புறம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு போதும். அதில் நீங்கள் ஒரு நாளில் ‘நம்பு’, ‘நம்பி’ என்று சொல்லும் வாக்கியங்களைச் சொன்னபடியே தமிழில் எழுதி வையுங்கள். பாடப்புத்தக வாக்கியம் புத்தகத்தோடு போய்விடும், சொந்த வாக்கியம்தான் தேவைப்படும் நேரத்தில் நாக்கில் வரும். என்னிடம் வருகிறவர்கள் எழுதும் வாக்கியங்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

மழையை நம்பித்தான் கேரட் போட்டிருக்கிறோம்.
அவர் சொன்னதை நான் நம்பவில்லை.
சாவியை அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.
நாளைக்கு வெயில் அடிக்கும் என்று நம்புகிறேன்.
கடைசி பஸ்ஸை நம்பி இருக்காதீங்க.

அகராதி வைத்துக்கொள்வதானால் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதியாகப் பாருங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘டிரஸ்ட்’, ‘ரிலை’, ‘பிலீவ்’ மூன்றுக்கும் ‘நம்பு’ என்றே போட்டிருக்கும். அதை வைத்துப் பிரிக்க முடியாது.

2. உங்கள் ‘நம்பு’ எந்த நம்பு என்று பிரியுங்கள்

இதுதான் கடினமான படி. இதில் நிதானமாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

‘நம்பு’க்கு நேரான ஆங்கிலச் சொல் எது என்று தேடாதீர்கள். அந்த வாக்கியத்தில் எதை நம்புகிறீர்கள் என்று கேளுங்கள்.

சொன்ன செய்தி உண்மையா பொய்யா என்பதுதான் பேச்சு என்றால் ‘பிலீவ்’. “அவர் சொன்னதை நான் நம்பவில்லை” என்பது ‘ஐ டோன்ட் பிலீவ் வாட் ஹி செட்’. இங்கே உங்கள் வேலை எதுவும் அவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. செய்தியை ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருவரின் நேர்மையைப் பற்றிய பேச்சு என்றால் ‘டிரஸ்ட்’. சாவி வாக்கியம் ‘யூ கேன் டிரஸ்ட் ஹிம் வித் தி கீஸ்’ என்று வரும். கொடுக்கும் பொருளுக்கு முன்னால் ‘வித்’ வருவதைக் கவனியுங்கள்.

இன்னும் நடக்காத, நடந்தால் தேவலை என்று நினைக்கும் விஷயம் என்றால் ‘ஹோப்’. “நாளைக்கு வெயில் அடிக்கும் என்று நம்புகிறேன்” என்பதைப் பலர் ‘ஐ பிலீவ்’ என்று தொடங்குகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் உங்களிடம் ஏதோ தகவல் இருப்பது போலக் கேட்கும். விருந்தினரும் குடையை அறையிலேயே வைத்துவிட்டுத் தொட்டபெட்டாவுக்குக் கிளம்பிவிடுவார். ‘ஐ ஹோப் இட் வில் பி சன்னி டுமாரோ’ என்றால் வெறும் ஆசை என்று அவருக்குப் புரியும்.

மீதி இருப்பது ‘ரிலை’. இதற்கு ஒரே ஒரு சோதனை: அது கைவிட்டால் என் காரியம் நின்றுவிடுமா? ஆமாம் என்றால் ‘ரிலை’. மழை வராவிட்டால் கேரட் போச்சு. கடைசி பஸ் வராவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது. இரண்டும் ‘ரிலை’.

புதியவர்கள் குழம்புவது இதற்கு அடுத்த இடத்தில். ‘ரிலை’ என்றால் மனப்பூர்வமான நம்பிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. வேறு வழியில்லாமல் நம்பி இருப்பதும் ‘ரிலை’தான்.

சிறு தேயிலை விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிச் சிவந்து தரம் கெட்டுவிடும். அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். சொந்தமாகத் தூளாக்கும் வசதி அவருக்கு இல்லை. அதனால் ‘ஸ்மால் குரோவர்ஸ் ரிலை ஆன் தி ஃபேக்டரி’. எடை போடுவதிலும் விலை தருவதிலும் அந்த ஃபேக்டரி மேல் அவருக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கலாம். அப்போது ‘டிரஸ்ட்’ என்று சொன்னால் பொய்யாகிவிடும், ‘ரிலை’ என்று சொன்னால் உண்மை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் நேர்மை மேல் முழு நம்பிக்கை இருக்கும், ஆனால் எந்த வேலைக்கும் அவரை எதிர்பார்ப்பதில்லை. ‘ஐ டிரஸ்ட் ஹர், பட் ஐ டோன்ட் ரிலை ஆன் ஹர் ஃபார் எனிதிங்.’ இந்த இரண்டு எடுத்துக்காட்டும் மனதில் நின்றுவிட்டால் டிரஸ்டும் ரிலையும் ஒருபோதும் குழம்பாது.

“மழையை நம்பித்தான் விவசாயம், ஆனா மழையை நம்ப முடியாது” என்று ஊரில் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு நம்பு. முதலாவது சார்ந்திருப்பது, இரண்டாவது உறுதி இல்லாதது. ஆங்கிலத்தில் ‘வி ரிலை ஆன் தி ரெயின், பட் தி ரெயின் இஸ் நாட் ரிலையபிள்’. இதைச் சொந்தமாக எழுதத் தெரிந்தால் இந்தப் படி முடிந்தது. முடியாதவர்கள் நோட்டில் இருக்கும் வாக்கியங்களை இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள், அவசரமில்லை.

3. ஒலியும் எழுத்தும்

‘ரி’யைச் சுருக்கி ‘லை’யில் அழுத்துங்கள்: ரி-லை. அழுத்தம் முன்னால் போனால் ‘ரியலி’ மாதிரிக் கேட்கும். ‘லை’யை ‘லே’ ஆக்கினால் ‘ரிலே’, அது ஓட்டப் பந்தயம். நடுவில் ‘ப்’ நுழைந்தால் ‘ரிப்ளை’, அதாவது பதில்.

எழுதும்போது ஆர், ஈ, எல், ஒய். ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ வந்தால் ‘ரிலைஸ்’: கடைசி ஒய் போய் அந்த இடத்தில் ஐ, ஈ, எஸ். நடந்து முடிந்ததற்கு ‘ரிலைட்’: ஐ, ஈ, டி. ‘ரிலையிங்’கில் மட்டும் ஒய் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டு ஐ அடுத்தடுத்து வருவதைத் தவிர்ப்பார்கள். ‘ரிலைஸ்’ என்று எழுத நினைத்து ‘ரியலைஸ்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது உணர்வது, வேறு சொல்.

4. ‘ஆன்’ இல்லாமல் ரிலை கிடையாது

‘ஐ ரிலை யூ.’ இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது. தமிழில் ‘உன்னை நம்பி’, ‘மழையை நம்பி’ என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோம். ‘ஐ’ உருபோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிரஸ்ட் யூ’, ‘பிலீவ் யூ’ என்று நடுவில் எதுவும் இல்லாமல் வருவதும் நம்மைக் குழப்புகிறது. ‘ரிலை’ அப்படி இல்லை. ஊன்றுகோல் மேல் கையை ஊன்றுவது போல உங்கள் பாரத்தை எதன்மேல் வைக்கிறீர்கள் என்று அது காட்ட வேண்டும். அதற்குத்தான் ‘ஆன்’.

மனப்பாடம் செய்யும்போதே ‘ரிலை’ என்று தனியாகச் செய்யாதீர்கள். ‘ரிலையான்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். ‘இன்’, ‘டு’, ‘வித்’ எதுவும் இங்கே செல்லாது. ‘அபான்’ செல்லும், பேச்சில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும்.

கேள்வி வாக்கியத்தில் இந்த ‘ஆன்’ காணாமல் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். “யாரை நம்பலாம்?” என்பது ‘ஹூ கேன் ஐ ரிலை ஆன்?’ ஆள் முன்னால் போய்விட்டார், ‘ஆன்’ மட்டும் கடைசியில் தனியாக நிற்கிறது. தமிழ்க் காதுக்கு அது தொங்குவது போல இருப்பதால் வெட்டிவிடுகிறோம். வெட்டக் கூடாது. ‘தி டிரைவர் வி ரிலை ஆன்’, ‘தி சிக்னல் கேனாட் பி ரிலைட் ஆன்’ என்பவற்றிலும் அதே கதை.

‘எவ்வளவு’ என்று சொல்லும் சொல் ‘ரிலை’க்கும் ‘ஆன்’க்கும் நடுவில் உட்காரலாம்: ‘ஊட்டி ரிலைஸ் ஹெவிலி ஆன் டூரிஸ்ட்ஸ்.’ நடுவில் ஒரு சொல் வந்த வேகத்தில் ‘ஆன்’ மறந்துபோவதும் உண்டு.

5. நான்கு அச்சுகள், ஒரு பொறி

அச்சு என்று நான் சொல்வது வாக்கியத்தின் வார்ப்பை, அதாவது ‘ஆன்’க்குப் பின்னால் என்ன வரும் என்பதை. முதல் அச்சில் வருவது வெறும் ஆள் அல்லது பொருள். ‘வி ரிலை ஆன் தி ரெயின்.’ இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, எதற்காக என்று சேர்ப்பது. அதற்கு ‘ஃபார்’. ‘தி வில்லேஜ் ரிலைஸ் ஆன் எ ஸ்பிரிங் ஃபார் டிரிங்கிங் வாட்டர்.’ ஊற்றின் மேல் சாய்வு, குடிநீருக்காக. ‘ஆன்’, ‘ஃபார்’ இரண்டும் இடம் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, என்ன செய்ய என்று சேர்ப்பது. அதற்கு ‘டு’. ‘வி ரிலை ஆன் தி டிரைவர் டு டெல் அஸ் அபவுட் தி ரோடு.’ காட்டேஜ்காரர்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும்.

மலை ரயில் பற்றி விருந்தினர் கேட்டால் சொல்லவும் இந்த அச்சு உதவும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் பாதையின் மத்தியில் பற்சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. குன்னூருக்கு மேல் பற்சட்டம் கிடையாது. ‘பிட்வீன் கல்லார் அண்ட் குன்னூர், தி டிரெயின் ரிலைஸ் ஆன் எ டூத்டு ரெயில் டு கிளைம்ப்.’ ரயிலுக்கு மனமில்லை, நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் ‘ரிலை’ பொருந்துகிறது. இரண்டாம் படியில் சொன்ன சோதனை இங்கேயும் செல்லும்: அது கைவிட்டால் ஏற்றம் நின்றுவிடும்.

நான்காவது, ஒரு செயலையே நம்புவது. அப்போது வினை ‘இங்’ வடிவத்தில் வரும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்பும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியது: ‘டோன்ட் ரிலை ஆன் கெட்டிங் தி இ-பாஸ் அட் தி லாஸ்ட் மினிட்.’ ஆள் இல்லாமல் நிலைமையைச் சொல்லவும் இதே அச்சு: ‘டோன்ட் ரிலை ஆன் தி ரோடு பீயிங் ஓப்பன்.’

பொறி என்னவென்றால் ‘தட்’. “அவர் வருவார் என்று நம்பி இருக்கிறோம்” என்ற தமிழில் ‘என்று’ இருப்பதால் ‘வி ரிலை தட் ஹி வில் கம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஹோப் தட்’, ‘பிலீவ் தட்’ உண்டு. ‘ரிலை தட்’ இல்லை. ‘என்று’ வந்தாலே மூன்றாம் அச்சுக்கு மாற்றுங்கள்: ‘வி ஆர் ரிலையிங் ஆன் ஹிம் டு கம்.’

6. எப்போது ரிலை, எப்போது ரிலையிங்

வழக்கம் என்றால் ‘ரிலை’. இன்றைக்கு, இந்த ஒரு காரியத்துக்கு என்றால் ‘ரிலையிங்’. ‘ஐ ரிலை ஆன் மை பிரதர்’ என்றால் எப்போதும் அண்ணன்தான் துணை. ‘ஐ ஆம் ரிலையிங் ஆன் மை பிரதர் டுடே’ என்றால் இன்றைக்கு வண்டி எடுக்க அவர் வர வேண்டும்.

நம் பேச்சில் எல்லா வினைக்கும் ‘இங்’ போடும் பழக்கம் உண்டு. ‘தி வில்லேஜ் இஸ் ரிலையிங் ஆன் தி ஸ்பிரிங்’ என்றால் தற்காலிக ஏற்பாடு போலத் தொனிக்கும். குழாய் உடைந்ததால் இந்த வாரம் ஊற்றுத் தண்ணீர் என்றால் சரி, ஆண்டு முழுதும் அதுதான் என்றால் தவறு.

7. டிபெண்ட் எங்கே பிரிகிறது

சார்ந்திருப்பதற்கு ‘டிபெண்ட் ஆன்’ என்றும் சொல்லலாமா? சொல்லலாம். ‘வி டிபெண்ட் ஆன் தி ரெயின்’ சரியான வாக்கியம். ‘ரிலை’யில் ‘தெரிந்தேதான் சாய்ந்திருக்கிறேன்’ என்ற தொனி கொஞ்சம் இருக்கும். ‘டிபெண்ட்’டில் ‘அது இல்லாவிட்டால் முடியாது’ என்ற தேவை கூடுதல். மூன்று மாதக் குழந்தை அம்மாவை ‘டிபெண்ட்’ செய்கிறது. அங்கே ‘ரிலை’ கொஞ்சம் ஒட்டாது.

முக்கியமான வேறுபாடு வேறொன்று. ‘பொறுத்தது’ என்ற பொருள் ‘டிபெண்ட்’டுக்கு மட்டும்தான் உண்டு. பச்சைத் தேயிலை விலை ஏலத்தைப் பொறுத்தது: ‘தி லீஃப் பிரைஸ் டிபெண்ட்ஸ் ஆன் தி ஆக்‌ஷன்.’ இங்கே ‘ரிலைஸ்’ போட்டால் வாக்கியம் உடைந்துவிடும், ஏனென்றால் விலை யார்மேலும் சாயவில்லை. அது ஏறுவதும் இறங்குவதும் ஏலத்தால் முடிவாகிறது. தமிழில் ‘பொறுத்தது’ என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ‘டிபெண்ட்’.

இதே பொருளில் ‘இட் இஸ் டிபெண்டிங் ஆன்’ என்று எழுதக் கூடாது. ‘இட் டிபெண்ட்ஸ் ஆன்’ போதும். விடை சொல்ல விருப்பமில்லாதபோது ‘இட் டிபெண்ட்ஸ்’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்கலாம். அந்த வசதி ‘ரிலை’யில் இல்லை.

பேச்சில் ‘கவுன்ட் ஆன்’ என்றும் கேட்பீர்கள். வாக்குக் கொடுத்தவரை நம்புவதற்கு நன்றாக இருக்கும்: ‘யூ கேன் கவுன்ட் ஆன் மீ.’ ஊற்று, பற்சட்டம் மாதிரி விஷயங்களுக்கு அது வேண்டாம்.

8. தாங்குவது ரிலையபிள், சாய்வது ரிலையன்ட்

‘ஐ ஆம் ரிலையபிள் ஆன் தி பஸ்.’ இதை எழுதியவர் சொல்ல நினைத்தது, பஸ்ஸை விட்டால் தனக்கு வேறு வழியில்லை என்பது. எழுதியதோ தன்னை நம்பலாம் என்று பாதியில் தொடங்கி, எங்கோ போய் முடிந்துவிட்டது.

‘ரிலையபிள்’ என்பது தாங்குகிறவரின் குணம். நம்பத் தகுந்தவர், தகுந்தது. ‘எ ரிலையபிள் டிரைவர்.’ அதன்பின் ‘ஆன்’ வராது. ‘ரிலையன்ட்’ என்பது சாய்ந்திருப்பவரின் நிலை. அதன்பின் ‘ஆன்’ வரும்: ‘ஐ ஆம் ரிலையன்ட் ஆன் தி பஸ்.’ இதே கணக்கில் ‘டிபெண்டபிள்’ தாங்குவது, ‘டிபெண்டன்ட்’ சாய்வது. வெலிங்டன் பக்கம் ராணுவக் குடும்பங்களில் ‘டிபெண்டன்ட் கார்டு’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். வீட்டில் ஒருவரின் வருமானத்தைச் சார்ந்திருப்பவருக்கான அட்டை அது. அதை நினைத்துக்கொண்டால் எது சாய்கிற பக்கம் என்று மறக்காது.

‘இண்டிபெண்டன்ட்’ என்றால் சாயாமல் தனியே நிற்பது. சாய்வு இல்லாததால் ‘ஆன்’ போய் ‘ஆஃப்’ வரும்: ‘இண்டிபெண்டன்ட் ஆஃப்.’ இதைக் கேள்வித்தாளில் பிடித்துக் கேட்பார்கள், பிளஸ் டூ பிள்ளைகள் குறித்துக்கொள்ளவும்.

பெயர்ச்சொல் ‘ரிலையன்ஸ்’. பலருக்கு அது கம்பெனிப் பெயராக மட்டும் தெரியும். பொருள் ‘சார்ந்திருத்தல்’, ‘ஆன்’ இங்கேயும் தொடரும். 2020-இல் ஊரடங்கு வந்து கோடை சீசனே இல்லாமல் போனது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்குத் தேவைப்படும் வாக்கியம்: ‘அவர் ரிலையன்ஸ் ஆன் டூரிஸ்ட்ஸ் இஸ் டூ ஹை.’ (இங்கே ‘அவர்’ ஆங்கிலச் சொல், ‘நம்முடைய’ என்று பொருள்.) நம்பகத்தன்மை என்று எழுத வேண்டுமானால் ‘ரிலையபிலிட்டி’, அது தாங்கும் பக்கம். தற்சார்பு ‘செல்ஃப்-ரிலையன்ஸ்’.

9. ‘நம்பி இருக்காதீங்க’ என்று விருந்தினரிடம் சொல்வது

இது இலக்கணத்துக்கு அப்பால் போகிற படி. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதில்தான் திட்டு விழுகிறது.

பொருளைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். ‘தி சிக்னல் இஸ் அன்ரிலையபிள் ஹியர்.’ யாருக்கும் கோபம் வராது. ஆளைப் பற்றி ‘ஹி இஸ் அன்ரிலையபிள்’ என்றால் அவருடைய குணத்தையே குறை சொன்னதாகும். ஒருநாள் தாமதமாக வந்த டிரைவர் அண்ணாவைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. ‘ஹி இஸ் லேட் டுடே’ என்று சொன்னால் போதும். நேருக்கு நேர் ‘ஐ கான்ட் ரிலை ஆன் யூ’ என்பது உறவை முறிக்கிற பேச்சு. தமிழில் “உன்னை நம்பி எப்படி வர்றது?” என்று சிரித்துக்கொண்டே கேட்போம். அந்தச் சிரிப்பு ஆங்கிலத்தில் கூட வராது.

‘ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ’ என்பதையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். தம்பியிடம் சொன்னால் அன்பு, தெரியாத அதிகாரிக்கு எழுதினால் அதட்டல். உதவி கேட்டு எழுதும்போது ‘ஐ வில் பி கிரேட்ஃபுல் இஃப் யூ கேன் ஹெல்ப்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிற்பது வாடிக்கை. “நாளைக்கு ரயில் ஓடுமா?” என்று விருந்தினர் கேட்பார். ‘யெஸ்’ என்றாலும் மாட்டிக்கொள்வீர்கள், ‘நோ’ என்றாலும் மாட்டிக்கொள்வீர்கள். சொல்ல வேண்டிய பதில்: ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் தி ரெயின். ப்ளீஸ் டோன்ட் ரிலை ஆன் தி டிரெயின் அலோன். கீப் எ டாக்சி ரெடி.’ ‘அலோன்’ என்ற ஒரு சொல்லால் ரயிலைக் குறை சொல்லாமல் எச்சரித்துவிட்டீர்கள். ஏழாம் படியின் இரண்டு சொற்களும் இதில் அவற்றுக்குரிய இடத்தில் இருப்பதைப் பாருங்கள்.

10. மனுவிலும் வழக்கிலும்

வக்கீல் ஆபீஸ் காகிதத்தில் ‘தி பெட்டிஷனர் ரிலைஸ் அபான் தி ஃபாலோயிங் டாக்குமென்ட்ஸ்’ என்று இருந்தால் மனுதாரர் அந்த ஆவணங்களை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று பொருள். பட்டா, அடங்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இங்கே ‘அபான்’தான் வழக்கம்.

11. ஒரு செய்தியைத் திருத்திப் பாருங்கள்

ஒரு காட்டேஜிலிருந்து விருந்தினருக்கு அனுப்ப எழுதிய செய்தி இது. அனுப்பும் முன் திருத்துவதுதான் பயிற்சி.

‘சார், டோன்ட் பிலீவ் தி மேப். வி ஆர் ரிலையபிள் ஆன் லோக்கல் டிரைவர்ஸ். டிரெயின் இஸ் ரிலையிங் தி ரெயின். ஐ ரிலை தட் யூ வில் கம் பிஃபோர் ஃபோர்.’

திருத்தும் வரிசை இதுதான்: முதலில் சொல் சரியா, அடுத்து ‘ஆன்’ இருக்கிறதா, அப்புறம் அச்சு, கடைசியில் தொனி. தொனியை முதலில் பார்த்தால் வாக்கியத்தை இரண்டு முறை மாற்ற வேண்டிவரும்.

முதல் வாக்கியத்தில் சொல் தவறு. ஃபோன் மேப் பொய் சொல்லவில்லை. குறுக்கு வழி என்று 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையைக் காட்டும், பழக்கமில்லாதவர் அதில் இறங்குவது ஆபத்து. மேப்பை மட்டும் சார்ந்து வராதீர்கள் என்பதுதான் சேதி. ‘ப்ளீஸ் டோன்ட் ரிலை ஆன் தி மேப் அலோன்.’

இரண்டாவதில் சாய்கிறவர் நாம். ‘வி ரிலை ஆன் லோக்கல் டிரைவர்ஸ்’ என்றாலே போதும். ‘ரிலையன்ட்’ வேண்டியதில்லை, செய்தியில் அது கனமாக இருக்கும்.

மூன்றாவதில் சொல், ‘ஆன்’, ‘இங்’ மூன்றும் பிழை. ரயில் ஓடுவது மழையைப் பொறுத்தது. ‘தி டிரெயின் டிபெண்ட்ஸ் ஆன் தி ரெயின்.’

நான்காவதை மூன்றாம் அச்சில் ‘ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ டு கம் பிஃபோர் ஃபோர்’ என்று மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இலக்கணம் சரி. ஆனால் காசு கொடுத்துத் தங்க வருகிறவர் மேல் பாரம் வைக்கிற மாதிரி இருக்கிறது. இந்த வாக்கியத்துக்கு ‘ரிலை’யே தேவையில்லை. நேரத்தையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்: ‘ப்ளீஸ் ட்ரை டு ரீச் பிஃபோர் ஃபோர். இட் கெட்ஸ் மிஸ்டி ஆஃப்டர் தட்.’